மாத்திரையும் ஜாதகமும்

அன்புள்ள ஐயா,

என் அக்காவுக்கு இருபத்தேழு வயது. இரண்டு வருடங்களுக்கு முன் கடுமையான மனச்சோர்வில் விழுந்தாள். வேலையை விட்டாள், சாப்பாட்டை விட்டாள். மனநல மருத்துவரின் சிகிச்சையில் தேறி இப்போது மறுபடியும் வேலைக்குப் போகிறாள். மாத்திரை தொடர்கிறது. யாராவது கேட்டால் ‘தலைவலி, நரம்பு டாக்டரிடம் காட்டுகிறோம்’ என்று அம்மா சமாளிக்கிறார். இப்போது ஒரு நல்ல வரன் வந்திருக்கிறது. கல்யாணத்துக்குள் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும், இதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்கிறார் அம்மா. எனக்கு இது ஏமாற்று வேலையாகப் படுகிறது. மாப்பிள்ளைக்கு நானே போன் செய்து சொல்லிவிடலாமா? விழிப்புணர்வே இல்லாத குடும்பத்தோடு எப்படிப் போராடுவது?

பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில், அந்த போனைச் செய்யாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் அம்மா பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள். அக்கா என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. நோயும் சிகிச்சையும் அவருடையவை. யாரிடம், எப்போது சொல்வது என்பதும் அவர் முடிவுதான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும்படி மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது. தம்பியை எந்தச் சட்டமும் கட்டுப்படுத்தவில்லை என்பதற்காக அந்த நாகரிகம் உங்களுக்கு வேண்டாமா?

மாத்திரை விஷயத்தில் அம்மாவுக்கும் அதிகாரம் இல்லை. மனச்சோர்வுக்கான மருந்தைத் தேறியவுடன் நிறுத்துவதில்லை. நன்றாக ஆன பிறகும் பல மாதங்கள் கொடுக்கிறார்கள். நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இன்னும் நீளும். நிறுத்தும் காலம் வந்தால் மருத்துவரே அளவைப் படிப்படியாகக் குறைப்பார். முகூர்த்தத் தேதியைக் கணக்கு வைத்துத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரலாம். நோயே திரும்பலாம், அதுவும் புது வீட்டில், புது மனிதர்கள் நடுவில்.

ஆனால் உங்கள் அம்மாவுக்கு விழிப்புணர்வு இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. மகளை மந்திரிக்க அழைத்துப் போகாமல் மருத்துவரிடம் அழைத்துப் போன குடும்பம் உங்களுடையது. மாத்திரையால்தான் மகள் எழுந்து உட்கார்ந்தாள் என்பது அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அதோடு, கீழ்ப்பாக்கம் என்ற இடப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கும் ஊர் இது என்பதும் தெரியும். செய்தி வெளியே போனால் இந்த வரன் மட்டுமல்ல, நாளைக்கு உங்களுக்குப் பெண் கேட்டுப் போகும் இடத்திலும் ‘அந்த வீட்டிலா?’ என்பார்கள். அவர் கணக்குப் போடுகிறார். கணக்கு கொடுமையானது, ஆனால் அறியாமை அல்ல. ‘சர்க்கரை நோய் போலத்தான் இதுவும்’ என்று மேடையில் சொல்லிவிட்டால் இந்தக் கணக்கு மாறிவிடாது. வரன் பேசும் இடத்தில் சர்க்கரையையும் மறைக்கிறவர்கள்தானே நாம்!

செவ்வாய் தோஷத்தைப் பாருங்கள். அதை யாரும் ஒளிப்பதில்லை. முதல் பேச்சிலேயே சொல்லி, தோஷமுள்ள இன்னொரு ஜாதகத்தைத் தேடுகிறோம். குணமாக்க மருந்து இல்லாத ஒன்றைத் திறந்து பேச வழி வைத்திருக்கிறோம். மருந்துள்ள ஒன்றுக்கு வழியில்லை. பையன் விஷயம் என்றால் கேட்கவே வேண்டாம். குடித்தாலும் கோபத்தில் தட்டை எறிந்தாலும் ‘ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும்’ என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. இந்த மாப்பிள்ளையின் உடல்நலம், மனநலம் பற்றி உங்கள் வீட்டில் யாராவது கேட்டீர்களா?

அம்மாவின் பயத்தில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் மனநோயைத் திருமணத் தகுதியோடும் விவாகரத்தோடும் முடிச்சுப் போட்டிருக்கிறது. வலிப்பு நோயும் திருமணத் தகுதி பற்றிய 5ஆம் பிரிவில் இருந்தது. 1999இல்தான் திருத்தம் செய்து நீக்கினார்கள். மனநோய் இன்னும் நீங்கவில்லை. ஆனால் திருமண வாழ்வுக்கே தகுதியற்றவராக்கும் அளவு நோயைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது. விவாகரத்து வழக்கொன்றில், நோயின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, அதன் தீவிரத்தை நிரூபிக்க வேண்டும் என்று 1988இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அது மனச்சிதைவு நோய் பற்றிய வழக்கு. மனச்சோர்விலிருந்து மீண்டு வேலைக்குப் போகும் பெண் இதைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. உண்மையான ஆபத்து 12ஆம் பிரிவில் இருக்கிறது. முக்கியமான ஒன்றை மறைத்துச் சம்மதம் வாங்கியதாகச் சொல்லி, திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அம்மா பாதுகாப்பு என்று நினைக்கும் மௌனம்தான் நாளைக்கு எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கையில் இருக்கும்.

வழக்கே வராவிட்டாலும், மாத்திரையை அக்கா புகுந்த வீட்டில் எங்கே வைப்பார்? அரிசிப் பானையிலா, கைப்பையின் உறைக்குள்ளா? மருத்துவரைப் பார்க்க எந்தப் பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்புவார்? நாளைக்குக் கர்ப்பம் என்றால் சில மருந்துகளை மாற்ற வேண்டியிருக்கலாம். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் மனச்சோர்வு திரும்பவும் வாய்ப்பு அதிகம். பக்கத்தில் இருக்கிற ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டிய காலம் அது.

ஆகவே சொல்வது நல்லது என்றுதான் நினைக்கிறேன். பெண் பார்க்க வந்து பஜ்ஜி சாப்பிடும் கூட்டத்தின் நடுவில் அல்ல. இருவரும் தனியாகப் பேசிப் பழகிய பிறகு, உறுதி செய்வதற்கு முன்பு, அக்காவே அவரிடம் சொல்லட்டும்: இன்ன நோய் வந்தது, இன்ன மருந்து எடுக்கிறேன், சந்தேகம் இருந்தால் என் மருத்துவரிடம் சேர்ந்தே போகலாம். வரன் தட்டிப் போகலாம். போனால் வலிக்கும், நல்லதற்குத்தான் என்று நான் ஆறுதல் சொல்ல மாட்டேன்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, அக்காவுக்குச் சம்மதம் என்றால் அம்மாவையும் உள்ளே அழைத்துப் போங்கள். எப்போது நிறுத்தலாம் என்பதை அவரே நேரில் கேட்கட்டும். இடையில் அக்காவுக்கோ, உங்களுக்கோ, அம்மாவுக்கோ யாரிடமாவது பேச வேண்டுமென்று இருந்தால் 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

தரகர் காதில் மட்டும் எதுவும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.