அணி அணியாக மாறும் பனி ஹாக்கி வீரர் தோற்றவரா?

கேள்வி: பனி ஹாக்கியில் நட்சத்திரமாகாமல், அணி விட்டு அணி மாறிக்கொண்டே இருக்கும் தடுப்பாட்டக்காரரின் வாழ்க்கையைத் தோல்வி என்று சொல்லலாமா?

சொல்லவே கூடாது. தடுப்பாட்டக்காரர் ரான் ஹெய்ன்சியின் ஆட்டத்தைப் பார்த்த பிறகு எனக்கு இதில் ஐயமே இல்லை.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1981இல் பிறந்தவர். 2000ஆம் ஆண்டில், அணிகள் இளம் வீரர்களை முறைவைத்து எடுக்கும் வீரர் தேர்வில் மொன்றியால் அணி அவரை 13ஆவது ஆளாக எடுத்தது. அவ்வளவு முன்னால் எடுக்கப்பட்டவரிடம் எதிர்பார்ப்பு மிகுதியாக இருக்கும். ஆனால் அவர் பெரும்பாலும் ஹாமில்டனில் இருந்த கீழ்நிலை அணியில்தான் ஆடினார். 2005இல் மொன்றியால் அவரை வேவர்ஸ் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இருப்பவரை, மாற்று வீரர் எவரையும் தராமலே வேறொரு அணி எடுத்துக்கொள்ளலாம். கொலம்பஸ் எடுத்துக்கொண்டது.

அங்கேதான் அவர் வட அமெரிக்காவின் முதன்மைப் பனி ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லின் வீரராக நிலைபெற்றார். 2008இல் அட்லாண்டா அவரை ஐந்து ஆண்டுகளுக்கு 2.25 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. அவர் போன அடுத்த வசந்தத்திலேயே கொலம்பஸ் தன் வரலாற்றில் முதன்முறையாக பிளேஆஃப் சுற்றுக்குள் (லீக் சுற்றில் முன்னணியில் வந்த அணிகள் கோப்பைக்காக மோதும் சுற்று) நுழைந்தது! அட்லாண்டா அணி 2011இல் வின்னிபெக்கிற்கு இடம்பெயர, இவரும் கூடவே போனார். வின்னிபெக் பிளேஆஃபுக்குத் தகுதி பெற்றது 2015இல். அதற்குள் இவர் கரோலினாவில் இருந்தார். கரோலினாவோ இவர் இருந்தவரை ஒருமுறைகூடத் தகுதி பெறவில்லை, இவர் போன பிறகு 2019இல்தான் பெற்றது. இதில் அவருடைய குறை என்று எதைச் சொல்ல முடியும்? ஆறு தடுப்பாட்டக்காரர்களில் ஒருவரால் ஓர் அணியின் தலையெழுத்தை மாற்றிவிட முடியாது.

இந்தத் தொழிலின் கடினம் வேறிடத்தில் இருக்கிறது. 2013 கோடையில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தபோது செப்டம்பர் வரை எந்த அணியும் அழைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 32. கடைசியில் கரோலினா ஓராண்டுக்குக் கையெழுத்து வாங்கியது. அந்த ஓராண்டில் நன்றாக ஆடி மேலும் மூன்றாண்டு ஒப்பந்தத்தைப் பெற்றார். கோல் அடிப்பவருக்கு எண்கள் சாட்சி சொல்லும். பக் எனும் ரப்பர் வட்டு செல்லும் பாதையில் உடம்பைக் குறுக்கே வைப்பவருக்கும், பெனால்டியால் ஓர் ஆள் குறைந்த நேரத்தில் எதிரணியை ஓரத்துக்குத் தள்ளுபவருக்கும் பயிற்சியாளரின் நம்பிக்கை மட்டுமே சாட்சி.

2017 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் அவரை வாங்கியது. அணியின் முதன்மைத் தடுப்பாட்டக்காரர் கிறிஸ் லெட்டாங் கழுத்துக் காயத்தால் பிளேஆஃபுக்கு வர முடியாமல் போக, ஹெய்ன்சி பிரையன் டுமோலினுடன் முதல் இணையாக ஆடினார். லீக் சுற்றில் 907 ஆட்டங்கள் ஆடிய பிறகு கிடைத்த முதல் பிளேஆஃப் அது. அதுவரை அவ்வளவு நீண்ட காத்திருப்பு லீக் வரலாற்றில் வேறு எவருக்கும் இருந்ததில்லை. எதிரே நின்றது மொன்றியால் கைவிட்டபோது அவரை எடுத்துக்கொண்ட அதே கொலம்பஸ். பிட்ஸ்பர்க் ஆடிய 25 பிளேஆஃப் ஆட்டங்களிலும் அவர் களமிறங்கினார், இறுதிப் போட்டியில் நாஷ்வில்லுக்கு எதிராக ஒரு கோலும் அடித்தார். லீக்கின் சாம்பியனுக்குத் தரப்படும் ஸ்டான்லி கோப்பையை வாங்கிய அணித்தலைவர் சிட்னி கிராஸ்பி அதை முதலில் தந்தது ஹெய்ன்சியின் கையில்தான். சக வீரர்கள் அவரை எப்படி மதித்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அதன் பிறகும் அவர் ஓய்ந்துவிடவில்லை. டொரோண்டோவில் இரண்டு பருவங்கள், ஒட்டாவாவில் ஒன்று என ஆடி, மொத்தம் 1,132 லீக் ஆட்டங்களோடு முடித்தார். ஊதியப் பேச்சுவார்த்தைகளில் வீரர்கள் சங்கத்தின் சார்பில் முன்னின்றவர், பின்னாளில் அந்தச் சங்கத்திலேயே பணியாற்றவும் சென்றார்.

அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது, உங்கள் அணி ஓர் ஆள் குறைவாக ஆடும் இரண்டு நிமிடங்களில் பக்கை விட்டுவிட்டுத் தடுப்பாட்டக்காரர் ஒருவரை மட்டும் கவனியுங்கள். ஆண்டுக்கு ஆண்டு யாரேனும் ஓர் அணி இப்படிப்பட்டவரைத் தேடி வருவது ஏன் என்பது புரியும்.