18 வயது முடிந்த பிள்ளையை மீட்க ஆட்கொணர்வு மனு போடலாமா?

கேள்வி: எங்களுக்கு நெல்லிக்குப்பம் பக்கம். ஒரே பெண். 2006 ஆகஸ்டில் பிறந்தவள். புதுச்சேரியில் தனியார் கல்லூரியில் பி.காம். முதல் ஆண்டு படிக்கிறாள். தீபாவளிக்கு முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்தாள். பொங்கலுக்கு வீட்டுக்கே வரவில்லை. "நான் பெண் இல்லை, திருநம்பி. ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். அந்தக் குரலை என் பெண்ணின் குரல் என்றே என்னால் நம்ப முடியவில்லை. விடுதியைக் காலி செய்துவிட்டு லாஸ்பேட்டையில் யாரோ நண்பர்களோடு இருக்கிறாள். அவர்கள்தான் மூளைச்சலவை செய்துவிட்டார்கள். அவர்கள் மேல் கடத்தல் புகார் கொடுக்கலாமா? ஆட்கொணர்வு மனு போட்டு அழைத்து வரலாமா? ஊசி போடும் டாக்டரைத் தடுக்க முடியுமா? இவளை மாற்றித் தரும் மையம் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள். என் தம்பி காரை எடுத்துக்கொண்டு நாலு பேரோடு போய் அழைத்து வந்து அங்கே சேர்த்துவிடலாம் என்கிறான். என் வீட்டுக்காரர் செமஸ்டர் கட்டணத்தை நிறுத்திவிட்டார். சொத்தில் பைசா தரமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: அம்மா, உங்கள் கடிதம் ஆறு பக்கம். மேலே சுருக்கித்தான் கொடுத்திருக்கிறேன். முழுவதையும் இரண்டு தடவை படித்தேன். வழக்கு என்று வந்தால் அதில் நிற்கப்போவது ஒரே ஒரு வரிதான்: 2006 ஆகஸ்டில் பிறந்தவள். 2024 ஆகஸ்டோடு 18 முடிந்துவிட்டது. செல்போன், நண்பர்கள், தீபாவளி அன்று நடந்த சண்டை, ஜாதகத்தில் சொன்னது எல்லாம் உங்கள் வேதனை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மனுவில் அதற்கு இடமில்லை.

நீங்கள் 'மகள்' என்கிறீர்கள். பிள்ளை தன்னை 'மகன்' என்று சொல்கிறது. நான் 'பிள்ளை' என்றே எழுதுகிறேன். உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அந்த வார்த்தை போதும்.

பிள்ளையின் சித்தப்பா உயிரியல் ஆசிரியர் என்று எழுதியிருக்கிறீர்கள். குரோமோசோம் பற்றி அவர் எழுதிய இரண்டு பக்கத்தையும், இங்கிலாந்தில் 2024 ஏப்ரலில் வந்த காஸ் அறிக்கையின் சுருக்கத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள். பிறந்த உடல்தான் பாலினம் என்பது அவருடைய கருத்து. உள்ளே உணர்வதுதான் பாலினம் என்பது பிள்ளையின் கருத்து. இது உங்கள் வீட்டில் மட்டும் நடக்கும் வாதம் இல்லை. சிறு வயதினருக்கு என்ன சிகிச்சை, எந்த வயதில் தரலாம் என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே பல நாடுகளில் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால் அந்த அறிக்கை முதன்மையாக 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான சேவையைப் பற்றியது. இங்கே உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசியச் சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில், தன் பாலின அடையாளத்தைச் சொல்லும் உரிமை அந்த மனிதருக்கே உண்டு, அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை நீங்கள் மனதார ஏற்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மனுவை விசாரிக்கும் நீதிபதி சித்தப்பாவின் இரண்டு பக்கத்தைப் பிரிக்கவே மாட்டார். பிள்ளையைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பார்: "நீ உன் விருப்பத்தில்தான் அங்கே இருக்கிறாயா?"

பதில் 'ஆமாம்' என்றால் வழக்கு அங்கேயே முடிந்தது.

கடத்தல் புகாரும் அதே கதைதான். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 137ஆவது பிரிவில் பாதுகாவலரிடமிருந்து கடத்துவது என்பது 18 வயது நிறையாத குழந்தையையும் மனநிலை சரியில்லாதவரையும் பற்றியது. 18 முடிந்த, தெளிவாக இருக்கும் பிள்ளைக்குச் சட்டத்தின் கண்ணில் பாதுகாவலரே கிடையாது. அப்புறம் யாரிடமிருந்து யார் கடத்துவது? காணவில்லை என்று புகார் கொடுத்தால் போலீஸ் லாஸ்பேட்டைக்குப் போய் பிள்ளையைப் பார்த்து, வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, அது சொன்ன இடத்திலேயே விட்டுவிட்டு வரும். இருப்பிடம் தெரிந்தே 'காணவில்லை' என்று எழுதிக் கொடுத்ததற்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டி வரும்.

இனி நான் சொல்வதைத்தான் உங்கள் தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கவேண்டும்.

நாலு பேர் போய் ஒரு மேஜரைக் கையைப் பிடித்துக் காரில் ஏற்றினால், அழைத்துப் போனவர் தாய்மாமனாகவே இருந்தாலும் அது ஆள்கடத்தல். 137 போலில்லாமல் 138ஆவது பிரிவில் வயது வரம்பு கிடையாது. பலவந்தமோ ஏமாற்றோ இருந்தால் போதும். "பாட்டிக்கு முடியவில்லை, உடனே வா" என்று பொய் சொல்லி வரவழைப்பதும் ஏமாற்றுதான். அடைத்துவைக்கும் எண்ணத்தோடு கடத்தினால் 140(3)இன்படி ஏழு ஆண்டு வரை தண்டனை. வீட்டு அறையிலோ அந்த மையத்திலோ அடைத்துவைத்தால் 127ஆவது பிரிவு தனியாக வரும். மூன்று நாள் ஆனாலே மூன்று ஆண்டு வரை, பத்து நாள் ஆனாலே ஐந்து ஆண்டு வரை. நீங்கள் கடத்தல் புகார் கொடுக்க நினைத்தீர்கள். இந்த வழியில் போனால் கடத்தல் வழக்கில் உங்கள் தம்பி முதல் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்), நீங்கள் இரண்டாவது எதிரி.

இதோடு 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் 18ஆவது பிரிவு வீட்டைவிட்டுத் துரத்துவதையும், உடலாலும் வார்த்தையாலும் மனதாலும் பொருளாதாரத்தாலும் துன்புறுத்துவதையும் குற்றமாக்கியிருக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, இரண்டு ஆண்டு வரை போகலாம். பெற்றவர்களுக்கு அதில் விலக்கு எழுதப்படவில்லை. என்னிடம் வரும் குடும்பங்கள் கடைசியாகத்தான் இதைத் தெரிந்துகொள்கின்றன.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். பண்ருட்டி பக்கத்து முந்திரி வியாபாரி ஒருவர். பிள்ளைக்கு 20 வயது. இதே நிலைமைதான். "எப்படியாவது ஒரு தடவை நேரில் பார்த்தால் மனசு மாறிவிடும் சார்" என்றார். ஆட்கொணர்வு மனுவை நான்தான் தயார் செய்து சென்னை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தேன். புதுச்சேரிக்கும் அதே நீதிமன்றம்தான். விசாரணை நாளன்று அம்மா ஒரு எவர்சில்வர் டப்பாவில் பிள்ளைக்குப் பிடித்த அடை செய்து எடுத்துவந்திருந்தார். நீதிபதிகள் பிள்ளையைத் தனியாகச் சேம்பருக்கு அழைத்துப் பேசினார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிள்ளை தரப்பு வக்கீல் ஒரு அஃபிடவிட்டைக் கொடுத்தார். அப்பா மூன்று மாதமாக அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் அத்தனையும் எழுத்தில் அதில் இருந்தன. "உன்னை வெட்டிப் போட்டுவிட்டு நானும் சாகிறேன்" என்பது அதில் ஒன்று. கோபத்தில் சொன்னதுதான், அந்த மனிதர் ஒரு எறும்பையும் மிதிக்கமாட்டார். ஆனால் காகிதத்தில் டைப் அடித்துத் தேதியோடு படிக்கும்போது அது கொலை மிரட்டல். பிள்ளை தன் விருப்பத்தில் இருக்கிறது என்று பதிவு செய்து மனுவை முடித்துவைத்தார்கள். பிள்ளைக்குப் பாதுகாப்புக் கொடுக்கும்படி போலீசுக்கு உத்தரவும் போட்டார்கள். தாழ்வாரத்தில் அந்த அம்மா டப்பாவை நீட்டியபோது பிள்ளை வாங்கவில்லை. கூட வந்த போலீஸ்காரர் "தள்ளி நில்லுங்கம்மா" என்றார். அதுவரை மாதம் ஒரு தடவையாவது போன் வந்துகொண்டிருந்தது. அன்றோடு அதுவும் நின்றது. அந்த மனுவைப் போடாதீர்கள் என்று அன்று நான் அழுத்திச் சொல்லியிருக்கவேண்டும்.

இப்போது நீதிமன்றம் அதைவிடக் கண்டிப்பாக இருக்கிறது. 2024 மார்ச் 11 அன்று தேவு ஜி. நாயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த மாதிரி ஆட்கொணர்வு மனுக்களுக்கென்றே வழிகாட்டுதல் கொடுத்தது. பிள்ளையிடம் தனியாகப் பேசவேண்டும், பெற்றோருக்கு முன்னால் நிறுத்திக் கேட்கக் கூடாது, அடையாளத்தை மாற்றும் நோக்கத்தில் கவுன்சிலிங்குக்கு அனுப்பக் கூடாது. "கோர்ட்டே கவுன்சிலிங்குக்கு அனுப்பிவிடும், அங்கே பேசிக்கொள்ளலாம்" என்று உங்களுக்கு யாரோ சொன்ன யோசனை செல்லாது.

அந்த 'மையம்' பற்றி உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் வருகிறது. வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று சுஷ்மா வழக்கில் பாலின அடையாளத்தை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைக்குத் தடை போட்டது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதை டாக்டர்களின் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி, ஊர் வழக்கத்துக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக ஒருவருக்கு மனநோய் என்று சொல்ல முடியாது. பணத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துகிறவர்கள் போலீஸ் வந்தால் "பெற்றோர்தான் சேர்த்தார்கள், இதோ கையெழுத்து" என்று உங்கள் தாளை எடுத்து நீட்டுவார்கள்.

டாக்டர் விஷயம். மேஜரான நோயாளியின் உடலுக்கு அவருடைய சம்மதம்தான் சம்மதம். 2008இல் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் இதைத்தான் சொன்னது. மயக்கத்தில் இருந்த பெண்ணின் கர்ப்பப்பையை அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கி எடுத்துவிட்டார்கள். தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். தாயின் 'சரி' செல்லாத இடத்தில் தாயின் 'வேண்டாம்' எப்படிச் செல்லும்? பிள்ளைக்கு 16 வயதாக இருந்திருந்தால் சிகிச்சைக்கு உங்கள் சம்மதம் வேண்டும், என் பதிலும் வேறாக இருந்திருக்கும். அந்தக் காலம் கடந்துவிட்டது.

இந்த இடத்தில் உங்கள் பயத்தை நான் தள்ளவில்லை. டெஸ்டோஸ்டிரோனால் தடித்த குரல் ஊசியை நிறுத்தினாலும் பழையபடி ஆகாது. ரத்தம் கெட்டிப்படலாம், ஹீமோகுளோபினை அவ்வப்போது பார்க்கவேண்டும். கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டால் பிள்ளைப்பேறு முடிந்தது. இதையெல்லாம் பிள்ளை தெரிந்துகொண்டுதான் செய்கிறதா, முறையான டாக்டரிடம் போகிறதா, அல்லது யாரோ வாங்கிக் கொடுக்கும் மருந்தை அறையிலேயே போட்டுக்கொள்கிறதா என்று கேட்கும் உரிமை ஒரு அம்மாவுக்கு உண்டு. ஆனால் அது போனில் கேட்கவேண்டிய கேள்வி, மனுவில் கேட்கமுடியாது. பேச்சு அறுந்துபோன குடும்பத்தில்தான் பிள்ளை மலிவான இடத்தையும் சோதனை செய்யாத ஊசியையும் தேடிப் போகிறது.

சொத்து பற்றி உங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டு வார்த்தை. அவர் சம்பாதித்த வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதட்டும். உங்கள் மாமனார் வழி வந்த கரும்பு நிலம் பூர்வீகமாக இருந்தால் பிள்ளையின் பங்கை அவரால் தொடமுடியாது. தமிழ்நாட்டில் 1989 முதலும் நாடு முழுக்க 2005 முதலும் மகளுக்கும் மகனுக்கும் பங்கு சமம். ஆகவே பிள்ளை மகளா மகனா என்ற சண்டையால் அந்தப் பங்கு ஒரு சென்ட்கூட அதிகமாகாது, குறையாது.

இப்போது என் யோசனை. வழக்கு வேண்டாம், சமரசத்துக்குப் போங்கள். நேரில் பேசமுடியாது என்றால் கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வாருங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்திய சமரசத்துக்கு எழுதிக் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. பிள்ளை ஏற்கும் ஒரு நடுவர் இருக்கட்டும், கல்லூரி ஆசிரியராக இருந்தாலும் சரி. கேட்கவேண்டியது மூன்றுதான்: வாரம் ஒரு போன், படிப்பை விடக்கூடாது, ஊசி என்றால் ஹார்மோன் பார்க்கும் டாக்டரின் சீட்டோடும் ரத்தப் பரிசோதனையோடும் மட்டும். பதிலுக்கு நீங்கள் கொடுக்கவேண்டியது கட்டணம், பயமில்லாமல் வந்துபோக வீடு. என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்பதில் முதல் நாளே முட்டிக்கொள்ளாதீர்கள். 'கண்ணு' என்று கூப்பிடுவீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே கூப்பிடுங்கள்.

இன்று முதல் உங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் கோபத்தில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பவேண்டாம். பழையதை அழிக்கவும் வேண்டாம். பிள்ளையின் போனில் அது இருக்கத்தான் போகிறது.

கடைசியாக ஒன்று. பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் பீரோ லாக்கரில் வைத்துப் பூட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவை பிள்ளையுடையவை. கட்டணத்தை நிறுத்தியதோடு இதையும் சேர்த்துப் படித்தால் பொருளாதாரத் துன்புறுத்தல் என்று எழுத எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அரை மணி நேரம் போதும். எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்துவைத்துக்கொண்டு அசலை ஒரு கவரில் போடுங்கள். தம்பி கையில் கொடுக்காதீர்கள், நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். செமஸ்டர் கட்டணத்துக்குக் கடைசி நாள் 28ஆம் தேதி என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் போங்கள்.