தெருவோர வேன்களும் ஒரு மனுவும்

வணக்கம் சார்,

கலிஃபோர்னியாவில் மவுண்டன் வியூவில் சில வருடங்களாக இருக்கிறேன். மென்பொருள் வேலை, எச்-1பி விசா. எங்கள் அபார்ட்மென்டுக்குப் பின்தெருவில் பழைய ஆர்.வி.க்களும் (படுக்கை, சமையலறையோடு வீடுபோல அமைந்த பெரிய வண்டிகள்) வேன்களும் வரிசையாக நிற்கின்றன. உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள். ‘எல்லாம் போதை கேஸ்’ என்கிறார் நண்பர். யூடியூபில் வருகிறவர்களைப் போல ஆசைக்கு வேனில் ஊர் சுற்றுகிறவர்களாக இருக்கும் என்கிறாள் மனைவி. வாடகை கட்டுப்படியாகவில்லை என்றால் விலை குறைந்த ஊருக்குப் போகலாமே என்பது என் கேள்வி. இரவில் அங்கே வண்டி நிறுத்தத் தடை கேட்டு அக்கம்பக்கத்தார் மனு எழுதியிருக்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா? இந்தப் பக்கம் வந்து தங்கியவர் என்பதால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சொல்கிற ஆட்களும் உண்டு, உங்கள் மனைவி சொல்கிற ஆட்களும் உண்டு. ஆனால் உங்கள் ஊர்த் தெருக்களில் நிற்கும் வண்டிகளில் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. 2019இல் அங்கே தங்கியிருந்தபோது ரெங்ஸ்டார்ஃப் பூங்காவுக்கு எதிரே, ரயில் பாதையை ஒட்டிய கிரிசான்டோ அவென்யூவில் காலை நடை போவேன். கண்ணாடிகளில் உள்பக்கமாக வெள்ளித்தாள் ஒட்டிய ஆர்.வி.க்கள். படிக்கட்டில் உட்கார்ந்து, சிமென்ட் காய்ந்த பூட்ஸின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருப்பார் ஒருவர். பக்கத்து வண்டிக்காரர் கேன் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டிருப்பார், ஓட்டல் சமையற்கட்டுச் சீருடையில். விடிவதற்குள் பாதிப்பேர் கிளம்பிவிடுவார்கள்.

விலை குறைந்த ஊர் எது? ட்ரேசி, ஸ்டாக்டன் பக்கம் வாடகை குறைவுதான். அங்கிருந்து இருட்டிலேயே காரை எடுத்து வேலைக்கு வருகிறவர்கள் ஏராளம். ஆனால் அங்கும் வீடு எடுக்க முன்பணம் வேண்டும், கிரெடிட் ஸ்கோர் வேண்டும். ஒருமுறை வீட்டைக் காலி செய்ய நேர்ந்தவருக்கு இரண்டும் இருக்காது. உங்கள் சிலிக்கான் பள்ளத்தாக்கில் அலுவலகங்கள் பெருகிய வேகத்தில் வீடுகள் பெருகவில்லை. ஒரு மனைக்கு ஒரு வீடுதான் என்ற விதி வெகுகாலம் பெரும்பாலான இடங்களில் இருந்தது. 1978இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த ப்ராபொசிஷன் 13 என்ற சட்டம் வீட்டுவரியை முடக்கியதால் நகராட்சிகளுக்கும் குடியிருப்பைவிடக் கடையும் அலுவலகமும் இனித்தன. இது நீளமான கதை, விடுவோம்.

நான் சொல்ல நினைப்பது வண்டி பறிபோவதைப் பற்றி. பல ஊர்களில் 72 மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிறுத்தக்கூடாது. நகர்ந்ததா என்று பார்க்க டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு விழும். வண்டி நகர்ந்தாக வேண்டும். இன்ஜின் கிளம்பாவிட்டால் பக்கத்து வேன்காரர் கயிறு கட்டி இழுத்து உதவுவார். கலிஃபோர்னியாவில் பழைய வண்டி புகைச் சோதனையில் தேறினால்தான் ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க முடியும். முப்பது வருட ஆர்.வி. எங்கே தேறும்? ரெஜிஸ்ட்ரேஷன் காலாவதியாகி ஆறு மாதம் தாண்டினால் போலீஸ் அதையே காரணமாக வைத்து டோ பண்ணலாம். பிறகு இழுத்துப்போன கூலி, நாளுக்கு நாள் ஏறும் யார்டு வாடகை. மீட்கப் பணம் இல்லையென்றால் வண்டி ஏலத்துக்குப் போகும். மருந்து, அடையாள அட்டை, வேலைக்கான சுத்தியல் ரம்பம் எல்லாம் அதற்குள்தான் இருக்கும்.

சியாட்டிலில் 2016இல் இப்படி ஒருவரின் பிக்கப் ட்ரக்கை இழுத்துப்போனார்கள். கிடைத்த கட்டட வேலைகளைச் செய்துவந்தவர், மாத வருமானம் 700 டாலரைத் தாண்டாது. ட்ரக்கில்தான் வாசம், கருவிகளும் அதிலேயே. அது போனதும் வெட்டவெளியில் தரையில் படுத்தார். வண்டியை மீட்க நகராட்சி அவர் தலையில் கட்டிய தொகை 547 டாலர், தவணை முறையில். வழக்கு வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021இல் தீர்ப்பு: அந்த ட்ரக் சட்டப்படி அவருடைய வீடு, அந்தத் தொகை அவர் சக்திக்கு மீறிய தண்டனை. வேனை அகற்றினால் ஆள் ஊரைவிட்டுப் போய்விடுவதில்லை. அதே தெருவில் கூரை இல்லாமல் கிடப்பார். உங்கள் மனு கேட்பது நடந்தால் இதுதான் நடக்கும் என்பது என் கருத்து.

சட்டம் இப்போது மனு கேட்கும் தடையின் திசையில்தான் ஓடுகிறது, நடுவில் சில தடங்கல்கள் இருந்தாலும். வண்டியில் வசிப்பதைத் தடுத்த லாஸ் ஏஞ்சல்ஸின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தெளிவில்லாதது என்று 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. நகராட்சி புதிதாக ஒன்று எழுதிக்கொண்டது. உங்கள் ஊரில் 2020 நவம்பரில் மெஷர் சி என்ற தீர்மானம் ஊர் மக்கள் வாக்கெடுப்பில் ஜெயித்தது: 40 அடியோ அதற்குக் குறைவோ அகலமுள்ள தெருக்களில் பெரிய வண்டி நிற்கக்கூடாது. ஊரின் பெரும்பாலான தெருக்கள் அந்த அகலத்துக்குள் வந்துவிடும்! வழக்குப் போட்ட பிறகு, குறைந்தது 3 மைல் தெருவையாவது விட்டுவைக்க 2022இல் ஒப்புக்கொண்டார்கள். தங்க இடமே இல்லாதவரையும் பொதுவெளியில் படுத்ததற்காகத் தண்டிக்கலாம் என்று 2024இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த வருடமே சான் பிரான்சிஸ்கோ பெரிய வண்டிகளுக்கு நகரம் முழுக்க இரண்டு மணி நேர வரம்பு கொண்டுவந்தது. நகராட்சியின் கணக்கெடுப்பில் ஏற்கெனவே இருந்த வண்டிவாசிகளுக்குத் தற்காலிக அனுமதி, வண்டியைக் கொடுத்துவிட்டால் அதன் நீளத்தில் அடிக்கு இவ்வளவு என்று பணம். வீடு கிடைத்தவருக்கு அது நல்ல ஏற்பாடு. கிடைக்காதவர் அடுத்த ஊருக்கு ஓட்டிப்போவார். அது உங்கள் ஊராகவும் இருக்கலாம்.

அக்கம்பக்கத்தார் புகாரை நான் தள்ளிவிடவில்லை. கழிவுத் தொட்டியை மழைநீர் வடிகாலில் திறந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நேரே வளைகுடாவுக்குப் போகிறது. கேஸ் சிலிண்டர் தீப்பிடித்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் இரைந்தால் எனக்கும் கோபம் வரும். ஆனால் இதற்கெல்லாம் வேண்டியது கழிவை உறிஞ்சும் வண்டி, குப்பைத்தொட்டி, பூட்டாத கழிப்பறை. சான்டா பார்பராவில் 2004 முதலே காலியான வாகன நிறுத்துமிடங்களை இரவில் திறந்துவிடுகிறார்கள்; பதிவு செய்துகொண்டவர் நிம்மதியாகத் தூங்கலாம், கூடவே வீடு தேடித்தர ஆள் உண்டு. உங்கள் ஊரிலும் ஷோர்லைன் அரங்கத்தின் வாகன நிறுத்துமிடத்தில் அப்படி ஒன்றை நடத்தியிருக்கிறார்கள்.

ஆகவே நானாக இருந்தால் கையெழுத்துப் போடமாட்டேன். மனு எழுதியவர்களிடம் தடையை எடுத்துவிட்டுக் கழிவு வண்டியைக் கேட்டு எழுதச் சொல்லிப் பாருங்கள். மசியவில்லை என்றால் கவுன்சில் கூட்டத்துக்கு நீங்களே போங்கள். உங்கள் விசாவில் ஓட்டுத்தான் போட முடியாது. அங்கே எழுந்து பேச யாரும் குடியுரிமை கேட்கமாட்டார்கள், பெயர்கூடச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.