ஒரே தோல், மூன்று அளவுகள்: தடிமன் பார்க்க எந்தக் கருவி?

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நான்கு பேரை வைத்துத் தோல் பை தைக்கும் பட்டறை நடத்துகிறேன். ராணிப்பேட்டையிலிருந்து 1.2 முதல் 1.4 மி.மீ. என்று பில் போட்டு வந்த மாட்டுத் தோலை எங்கள் ஸ்குரூ கேஜில் அளந்தால் 1.05 காட்டுகிறது. வெர்னியரில் 1.15. எங்களிடம் பை வாங்கும் நிறுவனத்தின் டயல் கேஜிலோ 1.28. வியாபாரி ஏமாற்றிவிட்டாரா? நான் எந்தக் கருவியை வாங்குவது?

பதில்: நீங்கள் சொல்லும் மூன்று எண்களை வைத்துப் பார்த்தால், வியாபாரி ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. தோல் என்பது நார்களின் பின்னல். அந்த நார்களுக்கிடையே காற்று நிறைந்திருக்கிறது. அழுத்தினால் அமுங்கும், விட்டால் சற்றே எழும்பும். ஆகவே எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு பரப்பில், எத்தனை நொடி அழுத்தி அளந்தோம் என்பதைச் சொல்லாமல் 1.2 மி.மீ. என்று மட்டும் சொன்னால், தோலைப் பொறுத்தவரை அது பாதி அளவுதான்.

இந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகவே ஐ.எஸ்.ஓ. 2589 என்ற சர்வதேசத் தர விதி இருக்கிறது. அளக்கும் கருவியின் 10 மி.மீ. விட்டமுள்ள, தட்டையான வட்டப் பாதம் தோலின் மீது சதுர சென்டிமீட்டருக்கு 500 கிராம் என்ற அழுத்தத்தில் இறங்க வேண்டும். ஐந்து நொடி கழித்து அளவைப் படிக்க வேண்டும். அந்தப் பாதத்தின் பரப்பு 0.785 சதுர சென்டிமீட்டர் என்பதால், அதன் மீது ஏற வேண்டிய எடை சுமார் 393 கிராம்.

உங்கள் ஸ்குரூ கேஜை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இரும்பையும் பித்தளையையும் அளப்பதற்காக உருவான அந்தக் கருவியின் தண்டு ஏறக்குறைய 6.5 மி.மீ. விட்டமுடையது, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குப் பரப்பு. அதன் முனையில் உள்ள, அளவுக்கு மேல் முறுக்காமல் நழுவிக்கொடுக்கும் ராட்செட் கிறுகிறுவென்று நழுவும் தருணத்தில், பொதுவாகக் குறைந்தது அரை கிலோ அளவுக்காவது விசை தண்டின் மீது ஏறியிருக்கும். கணக்குப் போட்டால் தர விதி கேட்பதைப் போல மூன்று மடங்கு அழுத்தம். ராட்செட்டை விட்டுவிட்டு உருளையைப் பிடித்து முறுக்கினால் இன்னும் அதிகம். இரும்புத் தகட்டில் இதனால் வேறுபாடு தெரியாது. பை தைக்கும் மென்மையான தோலில் கால் மி.மீ. வரைகூடப் போய்விடும். வெர்னியரில் அழுத்தத்தைத் தீர்மானிப்பது உங்கள் கட்டைவிரல் மட்டுமே. காலையில் நீங்களும் மாலையில் உங்கள் உதவியாளரும் அளந்தால் இரண்டு எண்கள் வருவதில் வியப்பில்லை. அதன் தாடைகள் தோலின் ஓரத்தை மட்டுமே எட்டும் என்பது இன்னொரு குறை. தோலின் ஓரமோ பெரும்பாலும் வயிற்றுப் பகுதியோ கால் பகுதியோதான்.

எனவே நீங்கள் வாங்க வேண்டியது 0.01 மி.மீ. வரை படிக்கக்கூடிய, 10 மி.மீ. தட்டைப் பாதம் கொண்ட டயல் திக்னஸ் கேஜ். உருண்டை முனை உள்ளதை வாங்காதீர்கள். அது தோலில் குழி போட்டுவிட்டு அந்தக் குழியைத்தான் அளக்கும். கருவியின் வாய் ஆழத்தையும் கேட்டு வாங்குங்கள். 30 மி.மீ. வாய் இருந்தால் ஓரத்தைத் தாண்டிச் செல்ல முடியாது, 120 மி.மீ. வாய் இருந்தால் வெட்டப்போகும் இடத்துக்கே ஓரளவு செல்லலாம். டிஜிட்டல் கருவியும் குறைவானதன்று. ஆயினும் நான் முள் நகரும் டயலையே விரும்புகிறேன். மென்மையான தோலின் மீது பாதத்தை இறக்கியதும் முள் 1.31-இல் நின்று, மெல்லப் பின்வாங்கி, ஐந்து எண்ணி முடிப்பதற்குள் 1.26-க்கு வந்து நிற்பதைப் பார்த்தால், தோல் எவ்வளவு தளர்வானது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

கையில் பிடிக்கும் கேஜ்களில் எடைக்குப் பதிலாக ஸ்பிரிங் இருக்கும். அதன் விசை கருவிக்குக் கருவி மாறும். பட்டறைக்கு அது போதும், அன்றாடம் ஒரே கருவியால் ஒப்பிட்டுப் பார்ப்பதுதானே வேலை. ஆனால் பணம் சம்பந்தப்பட்ட தகராறு என்று வந்தால், எடை வைத்து இயங்கும் மேசைக் கருவியின் அளவைத்தான் இரு தரப்பும் ஏற்க வேண்டும். சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மாதிரியை அனுப்பிச் சோதித்துக்கொள்ளலாம்.

கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய செலவு தேவையில்லை. பைக் மெக்கானிக் டேப்பட் பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜில் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகளின் கட்டு) 1.00 மி.மீ. தகடு இருந்தால், எண்ணெயைத் துடைத்துவிட்டு அதைப் பாதத்தின் கீழ் வையுங்கள். முதலில் வெறும் பாதம் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். பிறகு தகட்டுக்கு 1.00 காட்ட வேண்டும். நம் ஊர்க் கடற்காற்றில் பாதம் விரைவில் துருப்பிடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்திருங்கள்.

அளக்கும்போது மேற்புறம், அதாவது கிரெயின் உள்ள பக்கம், பாதத்தைப் பார்த்து இருக்கட்டும். பாதத்தைத் தூக்கும் நெம்புகோலைப் பட்டென்று விட்டுவிடாமல் மெதுவாக இறக்குங்கள். கழுத்து, முதுகு, பின்பகுதி, வயிறு என்று சாக்பீஸால் பத்து இடங்களையாவது குறித்து, சராசரியோடு மிகக் குறைந்த எண்ணையும் எழுதி வையுங்கள். பையின் கைப்பிடி அறுந்து திரும்பி வருவது அந்த மெலிந்த இடத்தில்தான். எண் ஒன்றாக இருந்தாலும் வயிற்றுத் தோல் இழுபடும் என்பதால் அதைக் கைப்பிடிக்கு வெட்டாதீர்கள்.

மழைக்காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தோல் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். ஆவாரம் பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோலில் இது இன்னும் அதிகம். லாரியிலிருந்து இறக்கியதும் அளக்காமல், ஒரு நாளாவது உலர்ந்த அறையில் விரித்துப் போட்டு அளப்பது நல்லது. ஆரோவில் பக்கத்து வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் 3 அவுன்ஸ் தோல் என்று கேட்டால் திகைக்க வேண்டாம்: தோல் தொழிலில் ஓர் அவுன்ஸ் என்பது அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 0.4 மி.மீ. ஆகவே அவர் கேட்பது நீங்கள் வாங்கும் 1.2 மி.மீ. தோலைத்தான்.

அடுத்த ஆர்டரில் தடிமனுக்குப் பக்கத்திலேயே பாதத்தின் விட்டம், அழுத்தம், ஐந்து நொடி, அளக்கும் இடங்கள் ஆகியவற்றை எழுதிவிடுங்கள். அத்துடன் இரு தரப்பும் சேர்ந்து அளந்து கையெழுத்திட்ட உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை உங்களிடமும், அதே தோலில் இன்னொரு துண்டை வியாபாரியிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.