பேய் வருவதற்கு முன்

வணக்கம் சார்,

மும்பை செம்பூரிலிருந்து எழுதுகிறேன். கல்லூரியில் படிக்கும் மகள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பேய்ப்படம் பார்க்கிறாள். ஒருநாள் நானும் உட்கார்ந்தேன். திடீர் திடீரென்று சத்தம், தூக்கிவாரிப் போடுகிறது, அவ்வளவுதான். இதில் என்ன கலை? பத்து வயதுப் பையனும் கூட உட்காருவேன் என்கிறான். விடலாமா?

- ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தூக்கிவாரிப் போடுவதெல்லாம் பயமில்லை. முதுகுக்குப் பின்னால் பட்டாசு வெடித்தால் யாருக்கும்தான் போடும்.

1942-இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்து போகிறாள். இன்னொருத்தி பின்தொடர்கிறாள். இசை கிடையாது, இரண்டு பேரின் செருப்புச் சத்தம் மட்டும்தான். ஒரு கட்டத்தில் பின்னால் வந்த சத்தம் நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கிறாள், யாருமில்லை. நடையைக் கூட்டுகிறாள். அப்போது சீறிக்கொண்டு ஒன்று திரைக்குள் பாய்கிறது. பார்த்தால், பஸ்! படத்தின் தயாரிப்பாளர் வால் லூட்டன் பெயரால் இந்த உத்திக்கு 'லூட்டன் பஸ்' என்றே பெயர். பிறகு வந்தவர்களில் பலர் பஸ்ஸை எடுத்துக்கொண்டு அந்த நடையை விட்டுவிட்டார்கள். உங்களுக்கு எரிச்சல் வந்தது அதனால்தான்.

நம்ம ஊர் லிஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது கம்பிக்கதவைச் சாத்தாமல் போய்விட்டால் 'கிருபயா தர்வாசா பந்த் கீஜியே' (தயவுசெய்து கதவைச் சாத்துங்கள்) என்று ஒரு பெண்குரல் ஓயாமல் இந்தியில் சொல்லுமே, பகலில் அது தலைவலி. ராத்திரி ஒரு மணிக்கு ஏதோ ஒரு மாடியிலிருந்து கேட்டால், யார் இறங்கினார்கள், ஏன் சாத்தவில்லை என்று மனசு தானாகக் கதை கட்டும். நல்ல இயக்குநர் அந்த மனசை வேலை வாங்குகிறார். ராம் கோபால் வர்மாவின் 'பூத்' (2003) பாட்டே இல்லாமல் மும்பை அடுக்குமாடி வீட்டுக்குள் இதைச் செய்தது. 'யாவரும் நலம்' (2009) இன்னும் கெட்டிக்காரப் படம். எல்லாரையும் ஏற்றிப்போகும் லிஃப்ட் மாதவனுக்கு மட்டும் நகராது. வீட்டுப் பெண்கள் பார்க்கும் மெகா சீரியலில் அவர்கள் வீட்டுக் கதையே ஓடும். பாழடைந்த பங்களா எதற்கு, சீரியல் ஓடாத வீடு எது?

'காஞ்சனா' வகையறா வேறு கணக்கு. குடும்பத்தோடு கத்திச் சிரிக்க வந்தவை, அதில் போய் பயத்தைத் தேடக்கூடாது.

மகள் பார்க்கட்டும். நெஞ்சு படபடக்கும், பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம். பரீட்சை பயத்துக்கு அந்த வசதி கிடையாது.

பையனுக்கு இப்போது வேண்டாம். நடுராத்திரியில் பாத்ரூமுக்குத் துணைக்கு எழுப்பப் போவது அக்காவை இல்லை, உங்களைத்தான்.