ஆலயத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வதும் ஊழியமா?

கேள்வி: ஆலயத் தோட்ட வேலையை ஊழியம் என்று சொல்லலாமா? கிறிஸ்தவத்தில் அதற்கு ஆன்மிக அர்த்தம் ஏதாவது உண்டா?

தாராளமாகச் சொல்லலாம். எங்கள் சபைகளில் ஊழியம் என்றதும் மைக்கும் பிரசங்கமும்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு என் பெரியம்மா ஞாபகத்துக்கு வருகிறார்.

காட்பாடிப் பக்கம் எங்கள் சின்ன ஆலயத்தின் தோட்டத்தை இருபது வருடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டவர். சனிக்கிழமை சாயங்காலம் வந்து சருகு கூட்டி, நந்தியாவட்டைக்கும் சம்பங்கிக்கும் தண்ணீர் ஊற்றி, மறுநாளுக்குப் பீடத்தில் பூ வைத்துவிட்டுப் போவார். ஞாயிறு ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பூவை யார் வைத்தது என்று சின்ன வயதில் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

வேலூர் வெயிலில் செடி வளர்ப்பது லேசான காரியமில்லை. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும். பாலாற்றில் பெரும்பாலும் மணல்தான். எங்கள் ஆலயத்து போர் தண்ணீரோ உப்பு. அக்னி நட்சத்திர நாட்களில் அரிசி களைந்த தண்ணீரை வீட்டிலிருந்து குடத்தில் சுமந்து வருவார். கூட்டிய சருகையே செடிகளின் அடியில் மூடாக்காகப் போடுவார்.

இப்போது அந்த வேலை என்னிடம். அதைச் செய்யத் தொடங்கிய பிறகுதான் ஆதியாகமம் 2:15-ஐ நிதானமாக வாசித்தேன். கர்த்தர் மனிதனை ஏதேனில் வைத்தது தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும். பாவம் நுழைவதற்கு முன்பே கொடுத்த வேலை அது, தண்டனை இல்லை. அங்கே 'பண்படுத்த' என்று வருவதன் எபிரேய வேர்ச்சொல் 'ஆபாத்'. 'இந்த மலையில் தேவனுக்கு ஆராதனை செய்வீர்கள்' என்று யாத்திராகமம் 3:12-ல் வருவதும் அதே சொல்தான். மண்ணைக் கொத்துவதற்கும் ஆராதிப்பதற்கும் ஒரே சொல்!

இயேசுவை அடக்கம்பண்ணிய கல்லறையும் தோட்டத்தில்தான் இருந்தது. உயிர்த்தெழுந்தவரை மகதலேனா மரியாள் முதலில் தோட்டக்காரர் என்றே நினைத்தாள். நாமும் இடுகாடு என்று சொல்வதில்லை, கல்லறைத் தோட்டம் என்கிறோம். பெரியம்மாவின் அடக்க ஆராதனையில், மரித்தவரின் சரீரம் விதைபோல் விதைக்கப்பட்டு எழுந்திருக்கும் என்று சொல்லும் 1 கொரிந்தியர் 15 வாசித்தார்கள். 'விதைக்கப்படும்' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் ஒன்று. ஆலய வாசலில் ஒரு எலுமிச்சை மரம். முள் நிறைய, ஒரு காய்கூட இல்லை. பிள்ளைகள் காலில் முள் குத்துகிறது, வெட்டிவிடலாம் என்று பேச்சு வந்தபோது, "இந்த வருஷம் இருக்கட்டும் ஐயா" என்று பெரியம்மா போதகரிடம் கேட்டுக்கொண்டார். லூக்கா 13-ல் அத்திமரத்துக்காகத் தோட்டக்காரன் கேட்டதும் இதையேதான்: சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன், இந்த வருஷமும் இருக்கட்டும். அந்த மரம் காய்த்ததா என்று இயேசு சொல்லவில்லை, உவமை அங்கேயே முடிந்துவிடுகிறது.

எங்கள் எலுமிச்சையும் இன்னும் காய்க்கவில்லை. போன சனிக்கிழமை இரண்டு கூடை தொழுவுரம் போட்டேன்.