செட்டை மொறுமொறுக்கணும் எண்டா முதல்ல தண்ணியப் போக்குங்க

சமையல் கேள்வி பதில்

இந்த முறை கன பேர் கோழிச் செட்டையப் பத்தித்தான் கேட்டிருக்கீங்க, அதால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு வச்சிட்டு இதுகள மட்டும் ஒண்டாச் சேத்து எழுதுறன்.

கேள்வி: அக்கா, எண்ட ரெண்டு பொடியன்மாரும் டியூஷன் விட்டு வரக்குள்ள கடை விங்ஸ் வேணும் எண்டு நிக்குறானுகள். வீட்டில கோதுமை மா, கோன் பிளவர், முட்டை எல்லாம் போட்டு நானும் பொரிச்சுப் பாத்திட்டன். தாச்சியால எடுக்கக்குள்ள மொறுமொறு எண்டுதான் இருக்கு, பத்து நிமிசத்துல தோல் சவசவ எண்டு போயிருது. என்ன பிழை விடுறன்?
கல்லடி வாசகி

பதில்: தங்கச்சி, மாவுல பிழை தேடாதீங்க, பிழை தண்ணியில இருக்கு. கோழித் தோலுக்குள்ள தண்ணியும் கொழுப்பும்தான் நிறைய. தண்ணி 100 பாகையில கொதிக்கும், அது முழுக்க ஆவியாப் போகுமட்டும் தோல்ட சூடு அதுக்கு மேல ஏறாது, ஆனா பொன்னிறமா சிவந்து வாசம் வாறதுக்கு 140 பாகைக்கு மேல வேணும். அப்ப ஈரத்தோட எண்ணெயில போட்டா முதல் கொஞ்ச நேரம் செட்டை எண்ணெய்க்குள்ள அவியத்தான் செய்யும், மா வெளியால சிவந்திரும், உள்ள தோல் ஈரமாவே கிடக்கும், எடுத்து வச்சாப் பிறகு அந்த ஈரம் மாவுக்குள்ள ஏறி ஊறிப்போகும். உங்களுக்கு நடக்குறது இதுதான்.

மற்றது, நாம எல்லாரும் பழக்கத்துல இஞ்சி உள்ளி அரைச்சு, தயிர் ஊத்தி, தேசிக்காயும் புழிஞ்சு ஊற வைப்பம். கறிக்கு அது அருமை, செட்டைக்குச் சரிவராது. அரைச்ச உள்ளி எண்ணெயில கருகிக் கைக்கும், புளி சேந்தா தோல் சிவக்குறதும் பிந்தும். தேசிக்காயச் சாப்பிடக்குள்ள மேசையில வச்சு புழிஞ்சு விடுங்க.

இப்ப செய்யுறத சொல்றன். 1 கிலோ செட்டைக்கு (முழுச் செட்டை எண்டா 10, 12 வரும்) மூட்டுல வெட்டி நுனியத் தனிய எடுத்துருங்க, நுனி சூப்புக்குப் போகட்டும். மீதிய சுத்தமான துணியால இல்லாட்டி கிச்சன் டிஷூவால ஒண்டொண்டா ஒத்தி எடுங்க, நாலு டிஷூ நனையும், நனையட்டும். மறுகா 1 தேக்கரண்டி உப்பும் கொஞ்சம் மிளகுத்தூளும் பிரட்டி, கம்பித் தட்டுல பரத்தி, மூடாம பிரிட்ஜுக்குள்ள அடித் தட்டுல ராவு முழுக்க வைங்க. அடித் தட்டுல எண்டு சொல்றது ஏனெண்டா பச்சை இறைச்சித் தண்ணி வேற சாப்பாட்டுல சொட்டக்கூடா. விடியக்காலமை பாத்தா தோல் காஞ்சு கடதாசி மாதிரி இருக்கும், கை வச்சா ஒட்டாது, அதுதான் பதம்.

பொரிக்கிற நேரம் 3 மேசைக்கரண்டி பச்சை அரிசி மாவும் 2 மேசைக்கரண்டி கோன் பிளவரும் கலந்து மெல்லிசாத் தூவி, கூடினத தட்டி விடுங்க. கோதுமை மா வேணாம், அதுல இருக்கிற பசைச்சத்து தண்ணியப் பிடிச்சு வச்சு கெதியா இளகிப்போகும்.

பொரியல் ரெண்டு தரம். முதல் தரம் 160 பாகைக்குக் கிட்ட, நடுத்தர நெருப்புல, 8 தொடக்கம் 10 நிமிசம், சிவக்கத் தேவையில்ல, உள்ள வெந்தாப் போதும். எடுத்து 10, 15 நிமிசம் கம்பித் தட்டுல ஆற விடுங்க, அந்த நேரம் உள்ள இருக்கிற ஈரம் வெளிய வரும். பிறகு நெருப்பக் கூட்டி 190 பாகையில 2, 3 நிமிசம், அவ்வளவுதான், வெளிய வந்த ஈரம் அந்தச் சூட்டுல ஒரே அடியாப் போயிரும். கொரியாக்காரர் செய்யுறதும் இதே ரெண்டு தரப் பொரியல்தான். வெப்பமானி இல்லாட்டி மரக்கரண்டிப் பிடிய எண்ணெயில விட்டுப் பாருங்க, சுத்தி சின்னச் சின்னதா நிதானமா குமிழ் வந்தா முதல் பொரியலுக்குச் சரி, விட்ட உடன சடசட எண்டு வந்தா ரெண்டாவதுக்குச் சரி. ஒரே நேரத்துல தாச்சிய நிரப்பாதீங்க, எண்ணெய்ட சூடு சட்டெண்டு இறங்கி செட்டை எண்ணெய் குடிக்கும், ஒரு தரத்துக்கு ஆறு ஏழு துண்டு போதும். செக்குல ஆட்டின தேங்காய் எண்ணெய் 175 பாகைக்குக் கிட்டப் புகைக்கத் தொடங்கிரும், வாசத்துக்காக அதுதான் வேணும் எண்டா முதல் பொரியலுக்கு மட்டும் எடுங்க, ரெண்டாவதுக்கு சுத்திகரிச்ச எண்ணெய்தான் தாங்கும்.

கேள்வி: நாங்க கோழிய உப்பும் மஞ்சளும் போட்டு மூணு தண்ணியில கழுவித்தான் சமைப்பம், உம்மா காலத்துப் பழக்கம். இப்ப பிள்ளைகள் கழுவவே கூடா எண்டு சொல்லுதுகள். எது சரி?
காத்தான்குடி வாசகி

பதில்: ராத்தா, பிள்ளைகள் சொல்றதுல நியாயம் இருக்கு. பச்சைக் கோழியில சல்மொனெல்லா, கம்பைலோபாக்டர் எண்டு கிருமி இருக்கலாம், கழுவுறதால அது போகாது, வேகுற சூட்டுலதான் சாகும். குழாய வேகமாத் திறந்து கழுவினா தண்ணி தெறிச்சு பக்கத்துல வச்சிருக்கிற தட்டு, சலாது, கறிவேப்பிலை எல்லாத்துலயும் படும், வயித்துக் கோளாறு வாறது அந்த வழியாலதான். ஆனா ரெத்தம் போகாம சமைக்க மனம் ஒப்பாது எண்டு எனக்கு விளங்குது, எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான். அதால ஒரு பேசினுக்குள்ள தண்ணி எடுத்து அதுக்குள்ளயே மெதுவா அலசுங்க, குழாய்க்கு நேர பிடிக்காதீங்க, பிறகு பேசின், சிங்க், கை மூண்டையும் சவுக்காரம் போட்டுக் கழுவுங்க. அலசினா பிறகு ஒத்தி எடுக்கிற வேலை ரெண்டு மடங்கு, அத மட்டும் குறைக்காதீங்க. நோன்பு நேரம் அசரோட பொரிக்கத் தொடங்குற வீடுகள்ல அந்த அவசரத்துல விட்டுப்போறது இந்த ஒத்தி எடுக்கிறதுதான், அத சஹருக்கு எழும்பினா அந்த நேரமே செஞ்சு பிரிட்ஜுல வச்சிட்டா பின்னேரம் வேலை லேசு.

கேள்வி: எண்ணெய்ல பொரிக்க வேணாம் எண்டு டொக்டர் சொல்லிட்டார். ஓவன்ல, எயார் ஃபிரையர்ல அதே மொறுமொறுப்பு வருமா? பேக்கிங் பவுடர் போடச் சொல்றாங்களே, கேக்குக்குப் போடுறத இறைச்சிக்குப் போடலாமா?
அக்கரைப்பற்று வாசகர்

பதில்: வரும், நல்லாவே வரும். ஓவன் செட்டையத்தான் நான் இப்ப கூட செய்யுறன், தோல்ல இருக்கிற கொழுப்பே உருகி அதுலயே அது பொரியும்.

பேக்கிங் பவுடர் போடலாம். அது தோல்ட காரத்தன்மையக் கொஞ்சம் கூட்டும், அதால சிவக்குறது கெதியா நடக்கும், ஈரத்தோட சேர்ந்து சின்னச் சின்னக் குமிழ் விடும், அந்தக் குமிழ்கள் காஞ்சு தோல் சொரசொர எண்டு வரும், நாம கடிக்கக்குள்ள கேக்குற சத்தம் அந்தச் சொரசொரப்புலதான். 1 கிலோவுக்கு 1 மேசைக்கரண்டி, உப்போட சேத்துப் பிரட்டி, மேல சொன்ன மாதிரி ராவு முழுக்க பிரிட்ஜில. இதுக்கு அரிசி மா, கோன் பிளவர் ஒண்டும் தேவையில்ல.

ஆனா தயவு செஞ்சு அப்பச்சோடாவ மாத்திப் போட்டுராதீங்க. ரெண்டும் வெள்ளைத் தூள், ரெண்டும் ஒரே அலுமாரியில இருக்கும். நான் ஒருக்கா அவசரத்துல டப்பாவப் பாக்காம அப்பச்சோடாவப் போட்டு ஒரு கிலோ செட்டையும் சவக்காரம் மாதிரிக் கைச்சு, விருந்தாளிகளுக்கு முன்னால அத அப்பிடியே எடுத்துக் கொட்டவேண்டி வந்திட்டு. இறைச்சி விக்கிற விலைக்கு அது இப்பவும் மனசுக்குள்ள கிடக்கு. பேக்கிங் பவுடர்ல சோடாவோட ஒரு அமிலமும் மாச்சத்தும் கலந்திருக்கு, தனிச் சோடா அத விடக் கனக்கக் கடுமை.

ஓவன் எண்டா முதல் 120 பாகையில 30 நிமிசம், கொழுப்பு உருகி வடியட்டும், மறுகா 220 பாகைக்கு ஏத்தி 40 தொடக்கம் 50 நிமிசம், நடுவுல ஒருக்கா பிரட்டி விடுங்க. ட்ரேயில நேர வைக்காம கம்பித் தட்டுல வைங்க, கீழயும் காத்து போகணும். எயார் ஃபிரையர் எண்டா 200 பாகை, 20, 25 நிமிசம், ஒரே அடுக்காத்தான் வைக்கணும், ஒண்டுக்கு மேல ஒண்டு வச்சா அவிஞ்சு போகும். கொச்சிக்காய்த்தூள், சீனி, தேன் எல்லாம் இந்தச் சூட்டுக்குக் கருகும், கடைசியில பிரட்டுங்க.

ராவு முழுக்க பிரிட்ஜில வைக்க வழியில்லாதாக்கள் இடியப்பம் அவிக்கிற ஸ்டீமர்ல செட்டைய 10 நிமிசம் அவிச்சு எடுங்க. கீழ தண்ணியில கொழுப்பு மஞ்சளா மிதக்குறத நீங்களே பாப்பீங்க. பிறகு நல்லா ஒத்தி, ஃபேனுக்குக் கீழ அரை மணித்தியாலம் காய வச்சு ஓவன்ல இல்லாட்டி எண்ணெயில போடலாம். அதுக்கு மேல வெளிய வச்சிருக்காதீங்க, எங்கட பக்கத்து வெக்கை இறைச்சிய கெதியாப் பழுதாக்கும்.

கேள்வி: படுவான்கரையில இருந்து சொந்தக்காரங்க ஊர்க்கோழி கொண்டு வந்து தந்தாங்க. அதுட செட்டையில செய்யலாமா?
ஆரையம்பதி வாசகி

பதில்: வேணாம். ஊர்க்கோழி ஓடித் திரிஞ்சு வளந்தது, செட்டை மெலிசு, தோல்ல கொழுப்பு குறைவு, இறைச்சி இறுக்கம், மொறுமொறுக்க முதலே காஞ்சு போகும். அத ஆணம் காய்ச்சி புட்டோட சாப்பிடுங்க, அந்தச் சுவைய புரொய்லர் ஒருக்காலும் தராது. செட்டைக்கு புரொய்லர்தான் சரி.

கேள்வி: பஃபலோ விங்ஸ் எண்டா எருமை இறைச்சியா? எங்கட வகுப்புல ஒரே வாக்குவாதம்.
களுவாஞ்சிக்குடி மாணவி

பதில்: இல்ல மகள், கோழிச் செட்டையேதான். பஃபலோ எண்டுறது அமெரிக்காவுல நியூயோர்க் மாநிலத்துல இருக்கிற ஒரு நகரம். அங்க ஆங்கர் பார் எண்ட கடையில 1964ல தெரேசா பெலிசிமோ எண்ட அம்மா சூப்புக்குப் போற செட்டையப் பொரிச்சு, உறைப்புச் சோஸுலயும் பட்டர்லயும் பிரட்டிக் குடுத்தாங்க எண்டு சொல்லுவாங்க, அதுல இருந்துதான் அந்தப் பேர். மேல மா பூசாம பொரிக்கிறதுதான் அந்த ஊர் முறை, பக்கத்துல செலரித் தண்டும் நீலப் பாலாடைக்கட்டிச் சோஸும் வைப்பாங்க.

அந்தப் பாலாடைக்கட்டி நமக்கு இஞ்ச லேசாக் கிடைக்காது, கிடைச்சாலும் விலை. ஆனா எருமை செட்டையில இல்லாட்டியும் தொட்டுக்குறதுல இருக்கட்டும், எங்கட மட்டக்களப்பு எருமைத் தயிர் சட்டியில கட்டியா வாறது, அத ஒரு துணியில கட்டி ரெண்டு மணித்தியாலம் பிரிட்ஜுக்குள்ள தொங்க விட்டா தண்ணி வடிஞ்சு பட்டர் மாதிரி இறுகும். அதுக்குள்ள ஒரு பல்லு உள்ளி தட்டிப் போட்டு, உப்பு, மிளகு, அரைத் தேசிக்காய்ட புளி, கொஞ்சம் புதினா வெட்டிப் போட்டு அடிச்சு வைங்க. உறைப்புச் செட்டைக்கு இத விடப் பொருத்தமான ஒண்ட நான் சாப்பிட்டதில்ல, வடிஞ்ச தண்ணியையும் கொட்டாம உப்புப் போட்டுக் குடிங்க. உறைப்புச் சோஸுக்குக் காஞ்ச கொச்சிக்காய் பத்த வினாகிரியில ஊற வச்சு உள்ளியோட மையா அரைச்சு, 50 கிராம் பட்டர் உருக்கி அதுக்குள்ள கலந்தாச் சரி.

கேள்வி: நல்லா பொரிச்சும் எலும்புக்குப் பக்கத்துல சிவப்பா இருக்கு. வேகல்லையா?
சாய்ந்தமருது வாசகி

பதில்: புரொய்லர் இளங்கோழி, எலும்பு முத்தாதது, அதுக்குள்ள இருக்கிற மச்சைட நிறம் வெளிய கசியும், அது வெந்த பிறகும் சிவப்பாத் தெரியலாம். நிறத்த நம்பாம வெப்பமானியால குத்திப் பாருங்க, உள்ள 74 பாகை வந்தா சாப்பிடலாம், செட்டைக்கு 85 வரை போனா இன்னும் நல்லம், சவ்வெல்லாம் உருகி எலும்புல இருந்து லேசாக் கழரும். ஐஸ் கட்டியா இருந்த செட்டைய முழுசா இளக விடாமப் பொரிச்சா உண்மையிலயே உள்ள வேகாது, முதல் நாளே பிரிட்ஜுட கீழ்ப்பக்கம் இறக்கி வைங்க.

கேள்வி: மகள்ட பிறந்தநாள் மார்கழியில வருது, மழை நேரம். அறுபது செட்டை போல செய்யணும், காலையில பொரிச்சு ஹொட்பொக்ஸ்ல வச்சா பின்னேரம் வரை இருக்குமா?
கல்முனை வாசகி

பதில்: இருக்காது தங்கச்சி. ஹொட்பொக்ஸ் சோத்துக்கு நல்லம், பொரிச்சதுக்கு எதிரி, சூட்டுல வாற ஆவி மூடியில பட்டு திரும்பச் செட்டையிலயே சொட்டும். அதோட எங்கட பக்கத்துல ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரை வாடைக்காத்து மழை, காத்தே ஈரமா இருக்கிற நேரம், முறுக்கே ரெண்டு நாளில இளகிப்போகும், செட்டை எந்த மூலைக்கு.

ரெண்டு தரப் பொரியல் உங்களுக்கு உதவப்போறது இஞ்சதான். முதல் பொரியல காலையில முடிச்சு, ஆறினதும் மூடாம பிரிட்ஜில வைங்க. ஆக்கள் வந்து கேக் வெட்டக்குள்ள ரெண்டாவது பொரியல், ஒரு வட்டம் 3 நிமிசம், பிரிட்ஜுல இருந்து வாறதால ஒரு நிமிசம் கூடலாம், ரெண்டு தாச்சி வச்சா அறுபதும் முக்கால் மணித்தியாலத்துக்குள்ள முடியும். எடுத்தத டிஷூ விரிச்ச தட்டுல குவிக்காதீங்க, கீழ்ப்பக்கம் வேர்க்கும், கம்பித் தட்டுலயே பரத்தி வைங்க. சோஸ எல்லாத்துக்கும் ஒரேயடியாப் பிரட்டாம மேசைக்குப் போற பங்குக்கு மட்டும் பிரட்டுங்க, சின்னப் பிள்ளைகளுக்கு உறைப்பில்லாம வெறும் உப்பும் மிளகும் போட்டதுல கொஞ்சத்த ஒதுக்கி வைங்க. அண்டைக்குக் கரண்ட் நிண்டாலும் பயமில்ல, கேஸ் அடுப்பு இருக்கு, ஆனா பிரிட்ஜ திறந்து திறந்து பாக்காதீங்க.